ஒரு ஷிப்ட் ஓட வேண்டிய கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடும் சத்தத்தை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். மற்ற ஆறு நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் எட்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். கருமத்தம்பட்டியில் பிறந்தவர்களுக்கு அது சத்தமாகவே படாது. நின்றால்தான் திடுக்கென்றிருக்கும். ஞாயிறு காலையில் தறிகள் ஓய்ந்த பிறகு, மேசைக்கடியில் இருந்த சாம்பல் நிறப் பெட்டிக்குள் மூன்று சின்ன ஃபேன்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் முனகுவது கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்து காப்பி குடிப்பேன். நானே கட்டிய பெட்டி அது.

தொண்ணூறுகளின் கடைசியில், கோவையில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த சமயம், அம்மா எனக்கு ஒரு ஜோடி வளையல் எடுத்துத் தருவதாக இருந்தார். வளையல் வேண்டாம், அதற்குப் பதிலாகக் காந்திபுரத்துக் கடைகளில் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"கையில போட முடியாததெல்லாம் ஒரு வளையலா?" என்றார் அம்மா. ஆனாலும் மூன்று சனிக்கிழமைகள் என்னோடு பஸ் ஏறி வந்தார். மதர்போர்டு இருந்த வெள்ளி நிறக் கவரைக் குழந்தையைப் போல மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். பாலியஸ்டர் சேலையில் உரசினால் மின்னூட்டம் ஏறிப் போர்டு கெட்டுவிடுமே என்று நீலாம்பூர் வரைக்கும் அந்தத் தலைப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன். சொன்னால் மனம் கோணுவார் என்று சொல்லவில்லை. ஒன்றும் ஆகவில்லை.

படித்தது மறக்காமல் இருக்கத்தான் இது என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, ஒரு கார் பந்தய விளையாட்டு. கூடப் படித்தவள் வீட்டில் அதை ஒரு மதியம் முழுக்க ஆடியிருந்தேன். மலைப்பாதையில் கார் வளைந்து திரும்பும்போது கண்ணாடியில் மேகம் நகர்வது தெரியும். அதைப் பார்த்த அன்றே, என்னென்ன பாகம் வாங்க வேண்டும் என்று பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுத ஆரம்பித்துவிட்டேன். எதையும் எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். அந்தக் காலத்து என் நோட்டுகளில் சமையல் குறிப்பும் சர்க்யூட்டும் துணி துவைக்கப் போட்ட கணக்கும் ஒரே பக்கத்தில் இருக்கும்.

முதல் ஐந்து மாதம் பெட்டி முன்னறையில் இருந்தது. எப்போதோ இரண்டு தரம் நின்றதைத் தவிர ஒரு குறையும் இல்லை. பிறகு, கார் சத்தத்தில் டி.வி. கேட்கவில்லை என்று அம்மா சொல்ல, தறிக்கூடத்தை ஒட்டிய சின்ன அறைக்கு மாற்றினோம். அந்த அறையில் ஒரு ஜன்னல் தறிக்கூடத்தைப் பார்த்துத் திறக்கும். ஒரு மாதம் கழித்து வினை ஆரம்பித்தது. இரண்டாவது சுற்றிலோ மூன்றாவது சுற்றிலோ கார் அப்படியே உறைந்து நிற்கும். எஞ்சின் சத்தம் ஒரே எழுத்தில் சிக்கி ரீங்காரமிடும். மவுஸ் அசையாது. அணைத்துவிட்டு அரைமணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும், கொஞ்ச நேரம். சிப்பின் மேல் ஒரு அலுமினியச் சீப்பு உட்கார்ந்திருக்கும். சிப்பின் சூட்டை அது வாங்கிக்கொள்ள, அதன் மேலிருக்கும் சின்ன ஃபேன் காற்றால் ஆற்ற வேண்டும். நின்ற நேரங்களில் அந்தச் சீப்பின் ஓரத்தில் விரல் வைத்தால் 'மூன்று' எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருந்தது.

இந்த நிலையில்தான் கோவையிலிருந்து கடிதம் வந்தது. கம்ப்யூட்டர் கடை ஒன்றில் வேலைக்குக் கேட்டு எழுதியிருந்தேன். ஒரு நாள் போய்ப் பேசிவிட்டும் வந்திருந்தேன். எடுத்துக்கொள்வதாகவும், அடுத்த திங்கள் விட்டு மறு திங்கள் வந்து சேரும்படியும் எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து பன்னிரண்டு நாள்.

அப்பா கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அங்க என்ன வேலைங்கம்மணி?"

"கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றதுங்ப்பா. அப்பறம் ரிப்பேருக்கு வாரதப் பாக்கறது."

"செரி. உன்ற பொட்டி எப்புடி ஓடுது?"

நான் கடிதத்தை வாங்கக் கையை நீட்டினேன்.

"நேத்துப் பாத்தேன். காரு ஒரு வளைவு திரும்புச்சு, நின்னுக்குச்சு. நீ பொட்டிய ரெண்டு தட்டுத் தட்டுனே, சுச்சிய அமத்துனே. நம்ம ஊட்டுப் பொட்டியே நின்னு நின்னு போவுது, ஊரான் பொட்டிய எவன் உன்ற கையில குடுப்பான்?"

"ஏனுங்க, புள்ளகிட்டப் பேசற பேச்சா இது?" என்றார் அம்மா.

"போக வேண்டாம்னா சொன்னேன்? ஒரு ஷிப்டு ஓட்டிக் காட்டச் சொல்லு. காலைல எட்டுலருந்து பொழுதோட எட்டு வரைக்கும், நிக்காம. ஓடுச்சுன்னா போகட்டும்."

"ஓடலீன்னா?"

"ஊட்டுலயே இருந்து ஓட வெக்கட்டும்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய தறி விலைக்கு வந்தால் அப்பா அதைப் பார்க்கப் போவார். தறியின் பூர்வீகத்தையோ, விற்கிறவர் செய்கிற சத்தியத்தையோ காதில் வாங்கமாட்டார். "ஒரு ஷிப்டு ஓட்டுங்க, பாக்கறேன்" என்பார். பன்னிரண்டு மணி நேரமும் ஒரு ஸ்டூலில் அங்கேயே உட்கார்ந்திருப்பார். எங்கள் எட்டுத் தறிகளும் அப்படி வந்தவைதான். எனக்கும் அதே அளவுகோலை வைத்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அளவுகோல் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் பயமாக இருந்தது.

"ஞாயித்துக்கெழம வெச்சுக்கலாங்ப்பா" என்றேன்.

"ஞாயித்துக்கெழம தறி நிக்கும். கரண்டு சிலுசிலுன்னு வரும். அது சோதனையாவாது. சனிக்கெழம ஓட்டு."

சேர வேண்டிய திங்களுக்கு முந்தைய சனிக்கிழமை என்று முடிவானது.

நோட்டை எடுத்து ஏழு வரி எழுதினேன். முதல் வரி, வேகத்தைக் குறை. ஒரு பத்திரிகையைப் பார்த்து மதர்போர்டில் ஜம்பர் என்ற சின்னச் செருகியை மாற்றி, சிப்பை அதற்கென்று குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஜம்பரைப் பழைய இடத்துக்கே மாற்றினேன். கண்ணாடியில் மேகம் கொஞ்சம் திக்கித் திக்கி நகர்ந்தது. ஆனாலும் மூன்றாம் சுற்றில் கார் நின்றது.

இரண்டாவது, பக்கவாட்டு மூடியைக் கழற்று. காற்று தாராளமாகப் போகட்டும் என்று பெட்டியைத் திறந்தே வைத்தேன். ஒரு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் முன்பைவிடச் சீக்கிரமாகவே நின்றது.

மூன்றாவது, டேபிள் ஃபேன். ஜன்னலைத் திறந்து வைத்து, அதன் கீழே பெரிய டேபிள் ஃபேனை நிறுத்திப் பெட்டிக்குள் காற்றடிக்கவிட்டேன். சாயங்காலம் முழுக்க ஓடியது. அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன். மறுநாள் முதல் சுற்றையே தாண்டவில்லை.

அடுத்தது என் நோட்டில் இல்லாதது, அம்மாவே செய்தார். ஒரு மதியம் நான் அஞ்சலகம் போய்த் திரும்பியபோது, பெட்டி மேலிருந்து கீழ்வரை புதுக் காடாத் துணி உறை போட்டு உட்கார்ந்திருந்தது. நாலு பக்கமும் தைத்து, அடியில் நாடா கோத்து இறுக்கிக் கட்டியிருந்தார். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இது ஓடறப்பப் போத்துனா மூச்சு முட்டுமல்லோ!"

"தூசி உழுவுதுன்னுதான் கண்ணு. உங்கப்பன் மோட்டாருக்குக் கூட நான் தெச்சதில்ல, உன்ற பொட்டிக்குன்னு தெச்சேன்."

அந்த உறையை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தேன். பெட்டி தொட முடியாமல் கொதித்தது. எனக்கு அழுகை வந்தது. அது சூட்டினால் மட்டுமல்ல. உறையின் ஓரத்தில் அம்மா சிவப்பு நூலில் சின்னதாக ஒரு கார் தைத்திருந்தார்.

மின் அழுத்தம் பார்த்தேன், வயர்களைக் கட்டி ஓரம் ஒதுக்கினேன், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள் தொங்கவிட்டேன். பாதரசம் விறுவிறுவென்று நுனிக்கு ஏறியதும் உடையுமுன் பிடுங்கி எடுத்தேன். ஒரு வாரம் போயிருந்தது. ஏழு வரிகளில் ஆறு அடிபட்டுவிட்டன. மிச்சமிருந்த வரி, 'சிப் மேலிருக்கும் ஃபேனைக் கழற்றிப் பார்.' அதை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் செய்து பார்க்காமலே அடித்து, பக்கத்தில் 'சுத்தமாகத்தான் இருக்கிறது' என்று குறித்திருந்தேன்.

சுத்தமாகத்தான் இருந்தது. தினமும் காலையில் பெயிண்ட் பிரஷ்ஷால் அந்த ஃபேனின் இறக்கைகளை நான் துடைத்துவிடுவேன். அதன் கிளிப்பைத் தொட எனக்குப் பயம். முதல் முறை மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி மதர்போர்டில் ஒரு கீறல் விழுந்திருந்தது. இன்னொரு கீறல் போர்டில் மின்சாரம் ஓடும் பாதையை அறுத்துவிட்டால் வளையல் போனது போனதுதான்.

வியாழக்கிழமை மதியம், வேறு வழியில்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளிப்பை நெம்பினேன். வழுக்கவில்லை. ஃபேன் தனியாகக் கையில் வந்தது. அதன் அடியில் சீப்பின் பற்கள் தெரியவில்லை. பற்கள் இருந்த இடத்தில் சாம்பல் வெள்ளையில் ஒரு சதுர மெத்தை இருந்தது. நகத்தால் நெம்பியதும் ஒரே துண்டாக உரிந்து வந்தது. கம்பளம் மாதிரி இறுகிய பஞ்சு. எங்கள் தறியில் பறந்த பஞ்சு.

அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு காலையும் இறக்கைகளைத் துடைக்கிறேன் என்று பிரஷ்ஷால் நான்தான் பஞ்சைக் கீழே பற்களுக்கிடையில் குத்திக் குத்தி அடைத்திருக்கிறேன். மூடியைக் கழற்றியதும் நான்தான். தறிக்கூடத்து ஜன்னலைத் திறந்து டேபிள் ஃபேனால் பஞ்சை இறைத்ததும் நான்தான். பஞ்சு பறக்கும் ஊரில் பிறந்து, பஞ்சைப் படிப்பில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன். நோட்டில் ஏழு வரிகளில் ஒன்றில்கூடப் பஞ்சு என்ற சொல் இல்லை. தறி மோட்டார்களில் சேரும் பஞ்சை ஆட்கள் வாரம் தவறாமல் ஊதி எடுப்பதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அது தறி சமாச்சாரம், இது கம்ப்யூட்டர் என்று மனசுக்குள் சுவர் எழுப்பி வைத்திருந்தேன்.

சீப்பையும் கழற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். இப்போது இன்னொரு சிக்கல். சிப்புக்கும் சீப்புக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பசை இருக்கும். அது காய்ந்து பொருக்காகியிருந்தது. புதுப் பசைக்குக் கோவை போக நேரமில்லை. கடைவீதியில் டி.வி. ரிப்பேர் செய்கிறவரிடம் போனேன். அவர் ஒரு டி.வி.க்குள் தலையை விட்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, டி.வி. என்னாச்சுங்க?"

"டி.வி. நல்லாத்தானுங்க இருக்குது. ட்ரான்சிஸ்டருக்கு அடியில வெள்ளையா ஒரு பசை தடவுவீங்கள்ல, அது கொஞ்சம் வேணுங்க."

"டி.வி. இல்லாம பசை மட்டுங்களா? சோறு வேண்டாம், ஊறுகா மட்டும் குடுங்கங்கறாப்ல இருக்குது."

"கம்ப்யூட்டருக்குங்க."

தலையை வெளியே எடுத்தார். "அதுக்குள்ளயும் இதே பசைதானுங்களா?"

"இதேதானுங்க."

"அட! அப்ப நானும் பாதிக் கம்ப்யூட்டர் மெக்கானிக்குங்க. போர்டுல எழுதிப்போடோணும்." கேமரா ஃபிலிம் ரோல் வரும் கறுப்பு டப்பாவில் பசையைப் பிதுக்கித் தந்தார். "கொஞ்சமாத் தடவுங்க அம்மணி. இது வெண்ணெய் இல்ல, அப்பறதுக்கு" என்று வாசல் வரை வந்து சொன்னார். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பக்க மூடி உட்பட எல்லாவற்றையும் மாட்டினேன். தறிக்கூடத்து ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் காகிதம் ஒட்டினேன். பெட்டியைச் சமையலறை வாசல் பக்கம் திருப்பினேன். நூல் கோன் வரும் அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு குழாய் மாதிரி செய்து, சமையலறைக் காற்று முன்பக்கமாக நுழைய வழி வைத்தேன். குழாயின் வாயில் அப்பாவின் பழைய, மெல்லிய மல்லு வேட்டியிலிருந்து கிழித்த ஒற்றைத் துணியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். அம்மாவின் காடா உறைக்கு மேசையில் இடம் கொடுத்தேன். கம்ப்யூட்டர் அணைந்தபின் மட்டும் போடுவதென்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஷிப்ட் மாறியது. நான் சுவிட்சைப் போட்டேன். மேசையில் ஒரு தாள் வைத்திருந்தேன். இடப்பக்கம் மணி, நடுவில் சூடு, வலப்பக்கம் குறிப்பு. சூட்டை அளக்கக் கருவி இல்லாததால், மணிக்கொருமுறை மூடியைக் கழற்றி, சீப்பின் ஓரத்தில் புறங்கையை வைத்து எத்தனை எண்ணும்வரை தாங்குகிறது என்று எழுதுவதாக வைத்துக்கொண்டேன். அப்பா தறி மோட்டாரைப் பார்ப்பதும் புறங்கையால்தான்.

விளையாட்டில் ஆளில்லாமல் கார் தானே ஓடும் காட்சி ஒன்று உண்டு. அதைப் போட்டு விட்டேன். அப்பா ஐந்து நிமிடம் பார்த்தார்.

"ஆரு ஓட்டறா?"

"அதே ஓட்டுதுங்ப்பா."

"ஆளில்லாம ஓடறத எவன் நம்புவான்? ஓட்டு."

ஓட்டினேன். பத்து மணிக்கு அம்மா உட்கார்ந்தார். அவர் அதுவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்தது தலை துவட்டத்தான். கால் மணி நேரத்தில் வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொண்டார். பதினொரு மணிக்கு நான்காவதாக வந்தார். மாதா கோயில் மணி பன்னிரண்டு அடிக்கையில் இரண்டாவதாக வந்துவிட்டு, குழம்பைப் பார்க்க எழுந்து ஓடினார்.

சாப்பிட்ட பிறகு அப்பா உட்கார்ந்தார். அவருக்கு ரோடே பிடிபடவில்லை. கார் புல்லில் ஏறியது, வேலியை உரசியது, பின்பக்கமாக நகர்ந்தது.

"ஏனுங்க, ரோட்டுல போறீங்களா, சோளக்காட்டுல போறீங்களா?" என்றார் அம்மா சமையலறையிலிருந்து.

"ரோடு போட்டவன் செரியில்ல."

எங்கள் தறிகளை நெடுநாளாக ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒருவர் தண்ணீர் குடிக்க வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "மொதலாளி, காரு எங்கீங் போவுது?"

"அவினாசிக்கு."

"இந்தப் போக்குல போனா நாளான்னைக்குத்தானுங்க. நான் நடந்தே போயிக்கறேனுங்."

அப்பா திரும்பி முறைத்தார், அந்த நேரத்தில் கார் ஒரு மரத்தில் போய் மோதியது. மூவரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். தறிச் சத்தத்தில் அவர் சிரிப்பு கேட்காது. தோள் குலுங்குவதுதான் தெரியும். இன்று யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்டால் எனக்கு முதலில் வருவது அந்தத் தோள்தான்.

தாளில் எண்கள் நன்றாக இருந்தன. காலையில் இருபது, மதியம் பதினெட்டு, மூன்று மணி வெயிலில் பதினாறு. குழாய் வாயின் துணியை ஒருமுறை மாற்றினேன். பழையதில் பஞ்சு மெல்லிய பாலாடை போலப் படிந்திருந்தது. அன்று கரண்டும் போகவில்லை.

நாலரை மணிக்கு அப்பா தறிக்கூடத்துக்குப் போயிருந்தார். அம்மா மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போயிருந்தார். நான் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது சுற்றில் ஒரு கல் பாலம் வரும். அதன் இடப்பக்கக் கைப்பிடியில் கார் உரசியது. திரை உறைந்தது. எஞ்சின் சத்தம் ஒரே எழுத்தில் நின்றது.

மூடியைக் கழற்றிக் கையைச் சீப்பின் மேல் வைத்தேன். எண்ணினேன். இருபது தாண்டியும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. சூடில்லை. முன்னறையில் நன்றாக ஓடிய நாட்களிலேயே இரண்டு தரம் இதே பாலத்தில், இதே பக்கம் உரசியபோது இப்படி நின்றது நினைவுக்கு வந்தது. விளையாட்டிலேயே ஏதோ ஓட்டை. பெட்டியின் குற்றமில்லை. அணைத்துப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஓடியது. வாசலில் யாரும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

தாளைப் பார்த்தேன். ஒன்றும் எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. எழுதினால், 'நிக்காம' என்று அப்பா சொன்ன சொல்லுக்கு முன் இந்த ஷிப்ட் செல்லாது. திங்கட்கிழமை காந்திபுரத்தில் நான் உட்கார வேண்டிய மேசையைக்கூடப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அதன் மேல் ஒரு பூதக்கண்ணாடி விளக்கு இருந்தது. அது கண்ணில் வந்தது. இவ்வளவு தூரம் வந்து ஒரு பாலத்தில் போகிறதே என்றிருந்தது.

எழுதினேன். நல்லவளாக இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. ஒரு வரியை விட்டால் மற்ற வரிகளையும் என்னால் நம்ப முடியாது, அவ்வளவுதான். 'நாலு முப்பத்தைந்து. நின்றது. மூன்றாம் சுற்று, கல் பாலம், இடப்பக்கம். சூடு: இருபதுக்கு மேல். இரண்டு நிமிடத்தில் மறுபடி போட்டேன்.'

எட்டு மணிக்கு அப்பா முகம் கழுவிவிட்டு வந்து, தாளை எடுத்து ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் படித்தார். விரலை ஒவ்வொரு வரியாக வைத்துக் கீழே வந்தார். விரல் நின்றது.

"நின்னுருக்குது."

"ஆமாங்ப்பா."

"ஆரு பாத்தா?"

"ஆரும் பாக்கலீங்."

"அப்பறம் எதுக்கு எழுதுனே?"

"நின்னுச்சுங்ளே."

அம்மா கரண்டியோடு வந்து நின்றார். "ஏனுங்க, பன்னண்டு மணி நேரத்துல ரெண்டு நிமிசம். நீங்க வெத்தல போடறதுக்கே அத விட அதிகமா நிப்பீங்."

"நீ சித்த சும்மாரு." அப்பா என்னைப் பார்த்தார். "சூட்டுல நிக்கலீங்கறே."

"இல்லீங்ப்பா. அந்தப் பாலத்துல இடது பக்கம் ஒரசுனா ஆட்டமே சிக்கிக்குது. பொட்டி மேல தப்பில்லீங்."

"எங்க, சிக்க வெச்சுக் காட்டு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்றாவது சுற்றில் பாலம் வந்தது; கார் நடுவில் நேராகப் போய்விட்டது. மறுபடி ஆரம்பித்தேன். உரசினேன், வலப்பக்கம். கார் ஒன்றும் ஆகாமல் பாலத்தைக் கடந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக என் கம்ப்யூட்டர் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"எந்திரி அம்மணி" என்று அம்மா கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். நிதானமாக இரண்டு சுற்று ஓட்டி, மூன்றாவதில் பாலத்துக்கு முன்னால் காரை நிறுத்தினார். "இந்தாங்க, நீங்க வாங்க. ஒரசறதுக்கு உங்கள உட்டா ஆளில்ல."

அப்பா நின்றபடியே குனிந்து கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினார். கார் ஒரு முழம் நகர்ந்து, நேராக இடப்பக்கக் கைப்பிடியில் போய் ஒட்டியது. திரை உறைந்தது. எஞ்சின் ரீங்காரமிட்டது.

அப்பா மேசைக்கடியில் மண்டியிட்டார். நான் பக்க மூடியைக் கழற்றி, தொட வேண்டிய இடத்தைக் காட்டினேன். புறங்கையை வைத்தார். உதடு அசையாமல் எண்ணினார் என்று நினைக்கிறேன். நானும் எண்ணினேன். முப்பது வரை வந்தது. அவர் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது அதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"சூடில்ல" என்றார்.

எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டார். தாளை மடித்து, எப்போதும் தறிச் சீட்டுகளை வைக்கும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி நின்றார்.

"திங்கக்கெழம எத்தன மணி பஸ்ஸுக்குப் போகோணும்?"

"ஏழரைங்ப்பா."

"அப்ப ஏழு மணிக்கே கெளம்போணும். நான் கொண்டாந்து ரோட்டுல உட்டர்றேன்" என்றார். பிறகு அம்மாவிடம், "அந்தப் பாலத்த எப்புடித் தாண்டறதுன்னு எனக்கு ஒருக்காக் காட்டு" என்றார்.